பேரேட்டைத் திறந்து காட்டும் தளம்: பெர்க்லி எர்த்

முப்பது வருடம் தணிக்கை பார்த்தவன் நான். ‘பூமி சூடாவது மனிதர்களால்தான் என்று விஞ்ஞானிகள் எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்’ என்று யாராவது சொன்னால், சரி, பேரேட்டைக் காட்டுங்கள் என்றுதான் வாயில் வரும். பெர்க்லி எர்த் தளத்தில் அதைக் காட்டுகிறார்கள். உலக வெப்பநிலைப் பதிவுகளை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்தது இதன் பிறப்புக் கதை. இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லருக்கு மற்றவர்கள் போட்ட கணக்கின் மேல் சந்தேகம். நகரச் சூடு எண்களை ஏற்றிவிட்டதா, வசதியான வானிலை நிலையங்களை மட்டும் பொறுக்கினார்களா என்று கேட்டு, 2010-இல் தனிக் குழு அமைத்துப் புதிதாகக் கணக்குப் போட்டார். எண்ணெய்த் தொழிலில் இருக்கும் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளைப் பணமும் அதில் இருந்தது! 2012-இல் அவரே எழுதினார்: வெப்பமாதல் உண்மை, காரணம் ஏறக்குறைய முழுவதும் மனிதர்கள்தான். குறை கண்டுபிடிக்க வந்த தணிக்கையாளரே கையெழுத்துப் போட்டது மாதிரி.

கோப்பைத் திறந்ததும் குழம்பினேன். எல்லாம் 0.3, 0.8 என்று குட்டி எண்கள். அப்புறம்தான் தலைப்புக் குறிப்பைப் படித்தேன். அவை வெப்பநிலை அல்ல, 1951–1980 சராசரியிலிருந்து உள்ள விலகல். முதலிலேயே படித்திருக்க வேண்டியது நான்தான்.

‘விஞ்ஞானிகளில் 97 சதவீதம் பேர் ஒப்புக்கொள்கிறார்கள்’ என்றால் சிரிக்கும் என் மைத்துனருக்கும் அனுப்பினேன். இரண்டு நாள் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் கடல் வெப்பநிலைக்குத் தனிக் கோப்பு உண்டா என்று கேட்டார்.