பாதியில் விட்டால் என்ன ஆகும்? வீட்டு அடைசலைக் குறைக்கும் வழிகள் – ஓர் ஒப்பீடு

வீட்டை ஒழுங்குபடுத்தச் சொல்லித்தரும் முறைகளுக்குப் பஞ்சமே இல்லை. எல்லாமே வேலை முடிந்த பிறகு எடுத்த படத்தைத்தான் காட்டும். துடைத்து வைத்த மேசை, ஒரே நிறத்தில் பெட்டிகள், அலமாரியில் பாதி இடம் காலி. வேலையை ஆரம்பிக்கிற நாளில் நடப்பதே வேறு. அலமாரியில் இருந்ததை எல்லாம் கட்டிலில் கொட்டிய நேரம் பார்த்துத்தான் போன் வரும், வாசலில் யாராவது வந்து நிற்பார்கள், குழந்தைக்கு உடம்பு சுடும். முழுதாக முடித்தால் எல்லா முறையும் நல்ல முறைதான். அதனால் நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் இவற்றை எடைபோடுகிறேன்: பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனால் வீடு எந்த நிலையில் இருக்கும்?

எல்லாவற்றையும் கொட்டிப் பிரிப்பது

இந்த வழியில் பெரிய பெயர் ஜப்பானைச் சேர்ந்த மாரி கோண்டோ. அறை அறையாகப் போகாதே, வகை வகையாகப் போ என்பது அவர் கட்சி. முதலில் துணி, அப்புறம் புத்தகம், பிறகு காகிதங்கள், அதன்பின் சில்லறைச் சாமான்கள், கடைசியில் நினைவுப் பொருட்கள். வரிசைக்குக் காரணம் இருக்கிறது. பழைய சட்டையைப் பற்றி முடிவெடுப்பது சுலபம், பழைய கடிதத்தைப் பற்றி முடிவெடுப்பது கஷ்டம். சுலபமானதில் கை பழகட்டும் என்கிறார்.

இந்த முறையின் நிஜமான பலம் அந்தக் குவியலில் இருக்கிறது. துணிகள் ஒரு அலமாரியில் கொஞ்சம், பெட்டியில் கொஞ்சம், கதவுக்குப் பின்னால் கொக்கியில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கும்வரை 'என்னிடம் அதிகமில்லை' என்றே தோன்றும். மொத்தத்தையும் ஒரே இடத்தில் கொட்டினால் ஒரே மாதிரி நீல நிறச் சட்டைகள் ஒன்றை ஒன்று காட்டிக்கொடுத்துவிடும். வேறு எந்த முறையும் இந்த அதிர்ச்சியைத் தருவதில்லை.

பாதியில் விட்டால்? கட்டில் நிறையத் துணி, படுக்க இடமில்லை. நள்ளிரவில் எல்லாவற்றையும் அள்ளித் திரும்ப அலமாரிக்குள் திணிப்பதில் முடியும். முன்பாவது மடிப்பு இருந்தது, இப்போது அதுவும் போச்சு. துணி என்ற வகையையும் சிறிதாக உடைத்து, இன்றைக்கு மேல்சட்டைகள் மட்டும், இன்னொரு நாள் காலுறைகள் மட்டும் என்று எடுத்தால் இந்த ஆபத்து பெரிதும் குறையும். வகை உடைவதில்லை, இரவுக்குள் கட்டிலும் கிடைத்துவிடும்.

அவர் கேட்கச் சொல்லும் கேள்வி புகழ்பெற்றது. பொருளைக் கையில் எடு, அது மகிழ்ச்சி தருகிறதா என்று பார். உடைகளுக்கும் அலங்காரப் பொருட்களுக்கும் இது நன்றாகவே வேலை செய்கிறது. திருப்புளிக்கும் வரிக் காகிதத்துக்கும் இதைக் கேட்டுப் பயனில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்று குழந்தைகள் பிறந்த பிறகு வீட்டை எப்போதும் நேர்த்தியாக வைத்திருப்பதைத் தாமே ஓரளவு விட்டுவிட்டதாக 2023-இல் அவர் சொன்னார். சிலர் இதைக் கேலி செய்தார்கள். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியதுதான் மிச்சம்.

கடிகாரம் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக

இதற்கு நேர் எதிர்க் கட்சி, ஃப்ளைலேடி என்ற பெயரில் அறியப்படும் அமெரிக்கரான மார்லா சில்லி பரப்பிய 15 நிமிட முறை. டைமரை வை, ஒரு சிறு பகுதியை எடு, மணி அடித்ததும் நிறுத்து. நிறுத்துவதுதான் இதில் முக்கியம். வேகம் பிடித்துவிட்டது என்று மூன்று மணி நேரம் இழுத்தால் மறுநாள் டைமரைப் பார்த்தாலே அலுப்பு வரும். வீட்டைப் பகுதிகளாகப் பிரித்து வாரம் ஒரு பகுதி என்று சுழற்றுவதும் இந்த முறையில் உண்டு.

பாதியில் விட்டால் ஒன்றும் ஆகாது. ஏனென்றால் இந்த முறையே பாதியில் விடுவதற்காகச் செய்ததுதான். கைக்குழந்தை இருக்கும் வீடு, ஷிப்ட் வேலைக்குப் போகிறவர், முட்டிவலி உள்ளவர் என்று எல்லோருக்கும் ஒத்துவரும்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. 15 நிமிடத்தில் கை சுலபமானதையே தேடும். காலாவதியான கூப்பன், மை தீர்ந்த பேனா, காலி டப்பா. கஷ்டமான முடிவுகள், அதாவது யாரோ ஆசையாகக் கொடுத்த பெரிய பூச்சாடியும் ஓடாத உடற்பயிற்சி சைக்கிளும், எந்த 15 நிமிடத்துக்குள்ளும் வராமல் நழுவிக்கொண்டே இருக்கும். மேசை தினமும் பளிச்சென்று இருக்கும், பரணில் ஒன்றும் குறைந்திருக்காது. வீடு கலையாமல் பார்த்துக்கொள்ள இதைவிட நல்ல முறை இல்லை. நிறைந்து வழியும் வீட்டைக் காலியாக்க இது மட்டும் போதாது.

கொட்டாமலே கழிப்பது

இவ்வளவு பேச்சுக்கு ஆளாகாத ஒரு முறையைத்தான் நான் முதலில் சிபாரிசு செய்வேன். டேனா கே. ஒயிட் என்ற அமெரிக்கர் சொல்வது. எதையும் கொட்டாதே, 'வை', 'கொடு', 'அப்புறம் பார்க்கலாம்' என்று குவியல் போடாதே. ஒரு பொருளை எடு, அது எங்கே போக வேண்டுமோ அங்கே இப்போதே கொண்டுபோய் வை. குப்பை என்றால் குப்பைப் பையில், கொடுக்க வேண்டியது என்றால் அதற்கான பெட்டியில், இன்னொரு அறைக்குரியது என்றால் எழுந்து நடந்து போய் அந்த அறையில்.

ஒரு மேசை இழுப்பறையை எடுத்துக்கொள்ளுங்கள், எந்த வீட்டிலும் இருக்கும் அந்த 'எல்லாம் போடும்' இழுப்பறை. திறந்தால் மேலே சுருண்டு கிடக்கும் சார்ஜர் வயர்கள். ஒரு முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், இழுத்தால் கூடவே மூன்று வரும். முதலில் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடியவை: கசங்கிய ரசீது, மூடி இல்லாத பேனா, விரிந்துபோன ரப்பர் பேண்டு. அப்புறம் இங்கே இருக்க வேண்டாதவை: மாத்திரை அட்டை மருந்துப் பெட்டிக்குப் போகிறது, தலைக்கிளிப் கண்ணாடி முன்னால் போகிறது. அதன்பின் ஒவ்வொரு வயராக. 'இது எங்கே இருக்கும் என்று நான் முதலில் எங்கே தேடுவேன்?' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தேடவே மாட்டேன், இப்படி ஒன்று இருப்பதே மறந்துபோச்சு என்றால் அது வெளியே. எந்தச் சாதனத்துக்கானது என்றே தெரியாத, தடித்த பழைய முனையுள்ள வயர்களின் கதை இங்கேதான் முடியும். நடுவில் அழைப்பு மணி அடித்தால் இழுப்பறையைத் தள்ளிவிட்டுப் போகலாம். முன்பைவிடக் கொஞ்சம் காலியாகத்தான் மூடும்.

சரி, இதில் கால் வலிக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் எழுந்து நடப்பது முட்டாள்தனமாகக்கூடத் தோன்றும். ஆனால் 'அப்புறம் வைக்கலாம்' என்று சேர்த்த குவியல்தான் மறுபடி ஒரு அட்டைப்பெட்டிக்குள் போய், அந்தப் பெட்டி ஒரு மூலைக்குப் போய், அடுத்த அடைசலாகப் பிறக்கிறது. நடையே தேவலாம்.

அவர் சொல்லும் இன்னொரு விஷயம் இன்னும் பயன்படும்: எவ்வளவு வைத்துக்கொள்வது என்பதை இடம் தீர்மானிக்கட்டும். புத்தக அலமாரியில் எத்தனை பிடிக்குமோ அத்தனைதான் புத்தகம். மிகவும் பிடித்ததை முதலில் அடுக்கு, இடம் தீர்ந்ததும் மீதி வெளியே. 'இது வேண்டுமா?' என்று கேட்டால் மனம் எப்போதும் வேண்டும் என்றே சொல்லும். 'இதற்காக எதை எடுத்து வெளியே வைக்கலாம்?' என்று கேட்டால்தான் யோசிக்கும். இதற்குப் பின்னால் உளவியலும் இருக்கிறது. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் சிலருக்கு மட்டும் ஒரு சாதாரணக் காப்பிக் கோப்பையைக் கொடுத்தார்கள். கையில் கிடைத்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் வாங்கத் தயாராக இருந்த விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சற்றுமுன் கிடைத்த கோப்பைக்கே இந்தப் பற்று என்றால், பல வருடமாக அலமாரியில் இருப்பதைச் சொல்லவா வேண்டும். 'இது இப்போது கடையில் இருந்தால் காசு கொடுத்து வாங்குவேனா?' என்று கேட்டுப் பார்ப்பதும் அதே பற்றை உடைக்கும் வழிதான்.

பெட்டிக்குள் ஒளித்துப் பார்ப்பது

ரயன் நிக்கோடெமஸ் என்ற அமெரிக்கர், வீடு மாற்றுவது போல மொத்தச் சாமானையும் பெட்டிகளில் கட்டிவிட்டுத் தேவைப்பட்டதை மட்டும் வெளியே எடுத்து வாழ்ந்து பார்த்தார். 21 நாள் கழித்து எண்பது சதவீதம் பெட்டியிலேயே கிடந்தது என்பது அவர் சொன்ன கணக்கு. சாட்சி வலுவானதுதான். ஆனால் குடும்பம் உள்ள வீட்டில் மொத்தத்தையும் கட்டுவது நடக்காத காரியம். மழைக்கோட்டும் கம்பளிப் போர்வையும் 21 நாளில் வெளியே வரவில்லை என்பதற்காகத் தேவையற்றவை ஆகிவிடாது.

சிறிய அளவில் செய்தால் மட்டும் இதை ஏற்பேன். முடிவெடுக்க முடியாத பொருட்களை ஒரே ஒரு பெட்டியில் போட்டு, மேலே தேதி எழுதி, ஆறு மாதம் தள்ளி வையுங்கள். தேதி எழுதாத பெட்டி வெறும் பரண் சாமான். ஆவணங்களை இந்தப் பெட்டிக்குள் போடவே கூடாது, அவை ஆறு மாதம் தொடப்படாமல் இருப்பதே இயல்பு.

முதல் நாள் ஒரு பொருள், இரண்டாம் நாள் இரண்டு என்று முப்பது நாள் கழிக்கும் விளையாட்டும் உண்டு. கூட்டினால் 465 வருகிறது. போட்டி போட்டுச் செய்ய ஜாலியாக இருக்கும். கணக்கு நிரம்ப வேண்டும் என்று கடைசி வாரத்தில் பேப்பர் கிளிப்பைக்கூட எண்ண ஆரம்பித்துவிடுவோம் என்பதால் இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அடுக்குவதில் உள்ள போட்டிகள்

பெட்டி, கூடை, டப்பா வாங்குவது கடைசியில்தான். முதலில் வாங்கினால், கழிக்க வேண்டியதை அழகாக அடுக்கி வைத்துவிடுவோம்.

மூடி உள்ள பெட்டியா, திறந்த கூடையா? அடிக்கடி எடுப்பதற்குத் திறந்த கூடை. மூடியைத் திறக்கும் அந்த ஒரு சிறு வேலை போதும், பொருளை மூடிமேலேயே வைத்துவிட்டுப் போய்விடுவோம். குழந்தைகளைக் கேட்கவே வேண்டாம். வருடத்துக்கு ஓரிரு முறை எடுப்பதற்கு மூடி உள்ளது, அதுவும் உள்ளே தெரிகிற மாதிரி. தெரியாத பெட்டி என்றால் பெயர் எழுதி ஒட்டுங்கள். 'இதர' என்று மட்டும் எழுதாதீர்கள்.

துணியைப் படுக்கையாக அடுக்கினால் மேலே உள்ள நாலு மட்டுமே உடுப்போம், அடியில் உள்ளதை உருவினால் மொத்தமும் சரியும். செங்குத்தாக நிறுத்தி மடித்தால் எல்லாம் கண்ணில் படும். ஆனால் அது ஆழம் குறைந்த இழுப்பறைக்குத்தான் பொருந்தும். அகன்ற தட்டில் ஒன்று எடுத்தால் மற்றது சாயும். ஹேங்கர்தான் சோம்பேறிகளுக்கு ஏற்றது, கூடவே ஒரு சோதனைக்கும் உதவும். எல்லா ஹேங்கர்களையும் கொக்கி உங்களைப் பார்க்கும்படி திருப்பி மாட்டி, உடுத்தியதை மட்டும் வழக்கமான பக்கம் மாட்டி வாருங்கள். எல்லாப் பருவமும் ஒரு சுற்று வந்த பிறகும் திரும்பாமல் தொங்குவது எது என்று அலமாரியே சொல்லிவிடும்.

வெளியே போக வேண்டியது வெளியே போவதற்குள்

விற்பதா, கொடுப்பதா? விற்றால் காசு வரும், ஆனால் படம் எடுக்க வேண்டும், விலை பேச வேண்டும், வருகிறேன் என்று சொன்னவர் வராமல் போவார். அதுவரை பொருள் நடையில் நிற்கும். விலை மதிப்புள்ள இரண்டு மூன்றைத் தவிர மற்றதைக் கொடுத்துவிடுவதே மேல். கிழிந்ததையும் உடைந்ததையும் கொடுப்பது உதவி இல்லை, நம் குப்பையை இன்னொருவர் கையால் போடச் சொல்வது.

மின்னணுச் சாமான்கள் தனிக் கதை. 2022-இல் உலகம் முழுவதும் 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம்தான். பழைய போனில் உள்ள லித்தியம் பேட்டரி குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கலாம். தகவல்களை அழித்துவிட்டு மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

மற்றவர் பொருள் விஷயத்தில் மேலே சொன்ன எந்த முறையும் செல்லாது. கணவரின் கருவிப்பெட்டியை மனைவி கழிப்பதும், மனைவியின் துணியைக் கணவர் கழிப்பதும், பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரத்தில் பொம்மைகள் காணாமல் போவதும் சண்டைக்குத்தான் வழி. அவரவர்க்கு ஓர் அலமாரி, அதன் எல்லைக்குள் என்ன வைத்துக்கொள்வது என்பது அவரவர் பாடு என்று இடத்தை மட்டும் பேசி முடிவுசெய்யலாம். பொது இடங்களான மேசையும் நடையும் மட்டும் எல்லோருடைய கணக்கிலும் வரும், அங்கே ஒரு கூடையை வைத்து, கேட்பாரற்றுக் கிடப்பதை அதில் போட்டு உரியவர் அறை வாசலில் வைத்துவிடுங்கள்.