வார்னிஷ் பூசிய மாமத் எலும்பு: சல்லடையா, ஒற்றை அமினோ அமிலமா?

போன வருஷம் ஒரு கம்பளி மாமத்தின் (உறைபனிக் காலத்து யானை வகை) விலா எலும்புக்குக் கார்பன்-14 வயது, அதாவது காலப்போக்கில் சிதைந்து குறையும் அந்தக் கார்பன் எவ்வளவு மிச்சம் என்று அளந்து சொல்லும் வயது, பார்க்க வேண்டி வந்தது. சைபீரியாவிலிருந்து வந்து பல காலம் காட்சிப் பெட்டியில் கிடந்தது. உதிராமல் இருக்க யாரோ எதையோ பூசியிருக்கிறார்கள், என்ன என்று பதிவேட்டில் ஒரு வரி இல்லை, எலும்பு மட்டும் பளபளவென்று மின்னியது. அளக்கும் முன் அழுக்கு நீக்க இதை அல்ட்ராஃபில்ட்ரேஷனுக்குக் கொடுப்பதா, ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற ஒற்றை அமினோ அமிலத்தைப் பிரிக்கும் முறைக்கா? நான் இரண்டாவதை எடுத்தேன்.

இரண்டிலுமே முதலில் எலும்பிலிருந்து கொலாஜன் என்ற புரதத்தை எடுக்கிறார்கள், கடைசியில் கார்பன்-14 அணுக்களை எண்ணுவதும் ஒரே முடுக்கிக் கருவிதான். நடுவில்தான் வித்தியாசம். அல்ட்ராஃபில்ட்ரேஷன் என்பது நுண்சல்லடை: வழக்கமாக 30,000 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேற்பட்ட பெரிய மூலக்கூறுகள் தங்கும், சின்னதெல்லாம் கழியும். செலவு குறைவு, சீக்கிரமும் முடியும். (சல்லடையிலேயே கிளிசரின் பூச்சு இருக்கும், அதைக் கழுவாமல் விட்டால் சுத்தம் செய்யப் போய் அழுக்காக்கின கதைதான்.) மற்றதில் கொலாஜனையே அமினோ அமிலங்களாக உடைத்து, ஹைட்ராக்ஸிபுரோலினை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். விலங்குகளில் அது ஏறக்குறைய கொலாஜனில் மட்டுமே இருப்பது. காசு, நேரம், எலும்பு மூன்றும் கூடுதலாகப் பிடிக்கும்.

பிறகு ஏன் அது? அழுக்குக் கணக்குதான் காரணம். கார்பன்-14இன் அரை ஆயுள் 5,730 ஆண்டு, அதனால் 50,000 ஆண்டு எலும்பில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான் மிச்சம் இருக்கும். அளவுக்கே எட்டாத பழைய எலும்பில் 1 சதவீதம் இக்காலக் கார்பன் ஒட்டியிருந்தால் போதும், சுமார் 37,000 ஆண்டு என்று நம்பும்படியான ஒரு வயது வந்து நிற்கும். 12,000 ஆண்டு எலும்பிலோ அதே 1 சதவீதம் முன்னூறு ஆண்டுகூடத் தள்ளாது. பூச்சு கொலாஜனோடு பிணைந்து பெரிய மூலக்கூறாகிவிட்டால் சல்லடை அதையும் சேர்த்தே பிடித்து வைத்துக்கொள்ளும், இதுதான் எனக்கு உறுத்தியது. கொலாஜனை உடைத்து ஒரே அமினோ அமிலத்தைப் பிரித்தால் அந்தப் பூச்சு கழன்றுவிடும்.

அலாஸ்காவிலும் அதை ஒட்டிய கனடாவின் யூகானிலும் வாழ்ந்த மாஸ்டடான்கள் (அழிந்துபோன யானை போன்ற விலங்குகள்) விஷயத்தில், அழுக்கு வயதைக் குறைத்துக் காட்டுவது நடந்தே இருக்கிறது. பழைய கணிப்புகளை வைத்து, உறைபனி உச்சத்தில், 18,000 ஆண்டு வாக்கில்கூட அவை அங்கே மேய்ந்தன என்று நினைத்திருந்தார்கள். மரமே இல்லாத குளிர்வெளியில் கிளை தின்னும் விலங்குக்கு என்ன வேலை என்ற கேள்வி மட்டும் இருந்துகொண்டே இருந்தது. 2014இல் வெளியான ஆய்வில் 36 எலும்புகளுக்கு இந்த இரண்டு முறைகளாலும் 53 புதிய கணிப்புகள் எடுத்தார்கள். எல்லாம் கார்பன்-14 அளவின் 50,000 ஆண்டு எல்லையை ஒட்டியோ தாண்டியோ போய்விட்டன. மனிதர் வருமுன்பே அவை மறைந்திருந்ததால், அங்கே மாஸ்டடானை மனிதர் தீர்த்துக்கட்டினார் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது.

சல்லடை மட்டம் என்று சொல்லவில்லை. உறைமண்ணிலிருந்து நேராக வந்த, பசை படாத எலும்பு என்றால், அதுவும் 15,000 ஆண்டுக்குள் என்றால், சல்லடையே போதும், மிச்சக் காசில் இன்னும் இரண்டு எலும்பு பார்க்கலாம்.

என் அனுபவம் ஒரே ஒரு எலும்புதான், அதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் ஒன்று: எலும்பை ஒட்டியது வச்சிரப் பசையாக இருந்தால் என் தேர்வும் வீண். மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பதுதானே வச்சிரம், அதிலும் அதே ஹைட்ராக்ஸிபுரோலின்தான் இருக்கும். அதனால் மேல்பூச்சு இறங்காத உட்பகுதியிலிருந்து வெட்டிக் கொடுத்தேன்.