கீழிருந்து திறக்காத ஜிப்: ஒரு மெழுகு ஜாக்கெட்டுடன் ஐந்து குளிர்காலங்கள்

என் ஜாக்கெட்டின் ஜிப்பை மாற்றி வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய அன்று மாலையே, நியூகாசிலில் என்னுடன் பணிபுரியும் தம்பி ஒருவர், அதே ஜாக்கெட் பாதி விலைக்கு இறங்கியிருப்பதைச் சொல்லி, "அண்ணா, இப்போதாவது வாங்கலாமா?" என்று கேட்டார். 690 பவுண்டு கொடுத்து அதை வாங்கியவன் என்ற முறையில் எனக்கு முதலில் வந்தது வயிற்றெரிச்சல்தான். அது அடங்கிய பிறகு இதை எழுதுகிறேன்.

இந்த ஜாக்கெட்டைத் தைத்து விற்பது ஓர் ஆடம்பர உடை நிறுவனம், பெயர் வேண்டாம். இது, மழைநீர் இறங்காதபடி பருத்தியில் மெழுகு ஊறவைத்துத் தைக்கும் ஒரு பழைய ஜாக்கெட்டின் நகல். அசல் எது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்காது. 1894ஆம் ஆண்டு ஜான் பார்பர், மாலுமிகளுக்கும் மீனவர்களுக்கும் துறைமுகத் தொழிலாளிகளுக்கும் எண்ணெய்த்துணி உடைகள் விற்கக் கடை தொடங்கிய சவுத் ஷீல்ட்ஸ், எங்கள் ஊரிலிருந்து மெட்ரோ ரயிலில் போய்வரும் தூரம்தான். அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் 1980இல் குதிரையேற்றத்துக்கென்று கொண்டுவந்த 'பெடேல்' என்ற ஜாக்கெட்டின் கார்ட்ராய் காலர், பித்தளை வளையம் தொங்கும் ஜிப், கட்டம் போட்ட லைனிங், இடுப்பருகே புடைத்து நிற்கும் பைகள் ஆகிய அனைத்தும் நகலில் அப்படியே இருக்கின்றன. என்னிடம் 2012இல் வாங்கிய பெடேல் ஒன்றும் உண்டு. அதற்கு நான் கொடுத்தது நகலின் விலையில் பாதிகூட இல்லை. ஆகவே இரண்டையும் ஒரே மழையில் நனைத்துப் பார்த்தவன் நான்.

ஐந்து ஆண்டுகளாக என்னை எரிச்சலூட்டியது ஜிப்தான். பெடேலின் ஜிப்பில் இரண்டு ரன்னர்கள், அதாவது பற்களைக் கோத்தும் பிரித்தும் ஓடுகிற இழுப்பான்கள், இருக்கும்: ஒன்றைக் கழுத்துவரை ஏற்றி மூடிவிட்டு, மற்றொன்றைக் கீழிருந்து ஒரு சாண் அளவுக்குத் திறந்துகொள்ளலாம். குதிரையின் மேல் உட்காரும்போது முன்பக்கம் விரிந்து தொடைகளின் மேல் படியவேண்டும். பின்பக்கத்தில் பிரஸ் பட்டன் வைத்த இரண்டு பிளவுகளும் அதே காரணத்துக்காகத்தான், சேணத்தின் மேல் துணி கசங்காமல் விழுவதற்காக. எனக்குக் குதிரை கிடையாது. ஆனால் பேருந்து இருக்கையும் கார் இருக்கையும் உட்காருகிற உடம்புக்குச் சேணத்திலிருந்து அதிகம் வேறுபட்டவை அல்ல. நகலில் ரன்னர் ஒன்றே ஒன்று. மூடிய ஜாக்கெட்டோடு உட்கார்ந்தால் வயிற்றருகே துணி மடிந்து, காலர் மோவாயை முட்டும் அளவுக்கு மேலேறும். திறந்துவிட்டால் வட கடல் காற்று நெஞ்சுக்குள் இறங்கும். பின்பக்கப் பிளவுகளோ வெறும் தையல் கோடுகள், திறக்கவே திறக்காதவை. புகைப்படத்தில் தெரிகிற பித்தளை வளையத்துக்குச் செலவு செய்தவர்கள், உட்கார்ந்தால் மட்டுமே தெரிகிற இரண்டாவது ரன்னரை விட்டுவிட்டார்கள்.

நியாயமாகச் சொல்வதென்றால், இரட்டை ரன்னர் ஜிப்பும் ஒரு தொல்லைதான். இரண்டையும் அடிவரை இறக்கி ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரவைத்த பிறகே முனையைச் செருக முடியும். விறைத்த விரல்களோடு அதைச் செய்யும்போது யாருக்கும் நாக்கில் கெட்ட வார்த்தை வரும். அதற்காகவே அதைத் தவிர்த்திருக்கலாம். ஆனால் அப்படித் தவிர்த்தவர்கள் விலையையும் கொஞ்சம் தவிர்த்திருக்கலாம்.

இரண்டாவது குறை முழங்கையில் வெடித்தது. பெடேலில் பருத்தி நூலுக்குள்ளேயே மெழுகு ஊறியிருக்கிறது. அது காய்ந்து வெளிறும்போது, மெழுகு டப்பாவை வெந்நீரில் வைத்து இளக்கி, ஸ்பாஞ்சால் தையல் ஓரங்களில் அழுத்தித் தேய்த்து, ஹேர் டிரையரின் சூட்டைக் காட்டினால் துணி மறுபடியும் குடித்துக்கொள்ளும். பன்னிரண்டு ஆண்டுகளில் மூன்று முறை செய்திருக்கிறேன். நகலின் துணியில் இருப்பது மெழுகின் தோற்றம் தரும் மேற்பூச்சு. அது மூன்றாம் குளிர்காலத்தில் முழங்கை மடிப்பில் சிறு கோடுகளாக உடைந்தது. அந்த இடத்தில் மெழுகைத் தேய்த்துப் பார்த்தபோது, வாழையிலையில் ஊற்றிய தண்ணீர்போல ஒட்டாமல் மேலேயே நின்றது. பழுதுபார்க்க வழியுண்டா என்று கேட்டதற்கு, புதிய ஆண்டின் வடிவங்களைப் பார்க்குமாறு மிகவும் பண்பாகப் பதில் எழுதினார்கள்.

பார்த்துச் செய்வதே பாவம் என்று நான் சொல்லவில்லை. 1983இல் வந்த பார்பரின் 'பியூஃபோர்ட்' ஜாக்கெட்டே பிரெஞ்சு வேட்டை உடைகளைப் பார்த்துப் பிறந்ததுதான். மெழுகுத்துணியும் பாய்மரத் துணிக்கு எண்ணெய் பூசிய மாலுமிகளிடமிருந்து வந்த வழக்கம். அவர்கள் எடுத்துக்கொண்டது பயன். இவர்கள் எடுத்துக்கொண்டது சாயல்.

இத்தனையும் எழுதிய பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும்: வாரத்தில் நான்கு நாள் நான் அணிவது நகலைத்தான். பெடேல் பெட்டிபோல விழும். உள்ளே தடித்த கம்பளிச் சட்டை போட இடம் விட்டு வெட்டியது, வேலைக்குப் போகிற மெலிந்த மனிதனுக்கு இரவல் வாங்கியதுபோல் இருக்கும். நகலின் தோள் வெட்டு அவ்வளவு அழகு. மேலும் அது நாறாது. சூடான அறையில் பெடேல் பரப்பும் மெழுகு வாசனை எனக்குப் பிடிக்கும், என் மனைவிக்குப் பிடிக்காது. நண்பரின் காரில் வெளிர்நிற இருக்கையில் அது பதித்த கறைக்கு நான் இன்றும் வருத்தம் தெரிவித்துக்கொண்டிருக்கிறேன்.

சென்ற மாதம் நகலின் ஜிப் பல் விட்டது. உடை பழுதுபார்க்கும் பெண்மணியிடம் இரண்டு ரன்னர் உள்ள ஜிப்பாகவே வைக்கச் சொன்னேன். 38 பவுண்டு ஆனது. பழைய ஜிப்பை ஆராய்ந்துவிட்டு, இதில் ஒரு ரன்னர் கூடுதலாக வைத்திருந்தால் நிறுவனத்துக்கு ஒரு தேநீர் விலைகூட ஆகியிருக்காதே என்றார் அவர். மறுநாள் பேருந்தில் உட்கார்ந்து, கீழ் ரன்னரை ஒரு சாண் மேலே இழுத்தேன். காலர் மோவாயைத் தொடவில்லை. சந்தோஷப்படவேண்டிய அந்த நேரத்தில்தான் கோபம் உச்சத்துக்குப் போனது.

ஆகவே தம்பிக்கு என் பதில்: வாங்காதீர்கள், பாதி விலையிலும் வேண்டாம். கேட்காமல் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், கடையில் கழுத்துவரை ஜிப்பை ஏற்றிக்கொண்டு ஒரு நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். பெண்மணியின் கடை முகவரியை நான் தருகிறேன்.