ரோபோவா, நல்ல கைக்கு உறையா?

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்த மூன்றாவது மாதம், வலது கைக்கு இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று ரோபோ: கையை இயந்திரத்தில் பொருத்தி, திரையில் தெரியும் புள்ளிகளை நோக்கி நகர்த்திப் பழக்குவது. இன்னொன்று சிஐஎம்டி: நல்ல கைக்குத் தடித்த உறை மாட்டிவிட்டு, பலவீனமான கையாலேயே எல்லாவற்றையும் செய்யவைப்பது. ரோபோவில் ஆரம்பித்து உறைக்கு மாறியவர்கள் நாங்கள், அதனால் நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை.

ரோபோவின் பெருமை தெரிந்ததுதான். அலுக்காது. சாதாரண பிசியோதெரபியில் ஒரு வேளைக்குக் கை முப்பது நாற்பது முறை அசைந்தால் அதிகம், இதில் நூற்றுக்கணக்கில் போகும். திரும்பத் திரும்பச் செய்தால்தான் மூளையில் பிழைத்த பகுதி வேலையைக் கற்றுக்கொள்ளும் என்றால் ரோபோதானே ஜெயிக்க வேண்டும்?

நாலாவது நாள் அப்பா இயந்திரத்தில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். கை மட்டும் புள்ளிக்குப் புள்ளி போய்வந்துகொண்டிருந்தது! தெரபிஸ்ட் வந்து இயந்திரத்தின் உதவியைக் குறைத்ததும் கை பாதி வழியில் நின்றது, தோள் காதுவரை ஏறியது, நெற்றி வியர்த்தது. அன்றைக்குத்தான் பயிற்சியே தொடங்கியது என்பேன்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ரண்டால்ஃப் நூடோ என்ற மூளை ஆய்வாளரின் குழு அணில் குரங்குகளிடம் இதைப் பார்த்தது. சின்னக் குழியில் விரலை விட்டு உணவை எடுக்கப் பழகிய குரங்குகளின் மூளையில் விரல்களுக்கான இடம் விரிந்தது (1996). பெரிய குழியிலிருந்து சுலபமாக எடுத்தவை எத்தனை முறை எடுத்தும் அப்படி மாறவில்லை (2000). முயன்று, தவறி, திருத்திக்கொண்டால்தான் மூளை அசைகிறது. நல்ல ரோபோக்கள் தேவைப்படும் அளவுக்கு மட்டும் உதவும்படி செய்யப்பட்டவைதான், ஆனால் அந்த அளவைப் பார்த்துப் பார்த்துக் குறைக்கப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

அப்புறம், மீதி இருபத்து மூன்று மணி நேரம்? பிரிட்டனில் 770 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ராட்டுல்ஸ் ஆய்வில், 12 வாரம் ரோபோவில் பழகியவர்களுக்குக் கையின் அசைவு கொஞ்சம் தேறியது, அன்றாட வேலைகளுக்கு அது வந்து சேரவில்லை. (அதே அளவு நேரம் தெரபிஸ்ட் நேரில் கொடுத்த பயிற்சியும் பிரதான அளவுகோலில் ஜெயிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.) ஸ்ட்ரோக் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரிடம் நடந்த எக்ஸைட் ஆய்வில் (2006), விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் உறை, கூடவே தீவிரப் பயிற்சி, மொத்தம் இரண்டே வாரம். முன்னேற்றம் ஒரு வருடம் கழித்தும் நின்றது. காரணம் எளிது: அப்பா வலது கையை மறந்தே போயிருந்தார். குழாய், சுவிட்ச், கதவுத் தாழ்ப்பாள், எல்லாவற்றுக்கும் இடது கைதான் முந்தும். உறை அதை மறித்தது.

சுகமான வழி என்று நினைத்துவிடாதீர்கள். சட்டையின் ஒரு பட்டனுக்குக் கால் மணி நேரம் போராடிவிட்டு உறையைச் சுவரில் வீசியிருக்கிறார், நானும் பதிலுக்குக் கத்தியிருக்கிறேன். மாடிப்படியிலும் குளியலறையிலும் உறையைக் கழற்றிவிட வேண்டும், விழுந்தால் பிடிக்க அந்த நல்ல கைதான் இருக்கிறது.

நான் கூட இருந்து பார்த்தது ஒரே ஒரு கை, அதுவும் மணிக்கட்டும் விரல்களும் ஓரளவு நிமிர்ந்த கை. சிஐஎம்டிக்கு அதுதான் குறைந்தபட்சத் தகுதி. விரல் துளியும் அசையாதவருக்கு உறை மாட்டினால் வெறும் தண்டனை, அவர் ரோபோவில் தொடங்குவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

இப்போது உறை டிராயரில் கிடக்கிறது. போன் அடித்தால் இன்னும் இடது கைதான் முதலில் நீளும், பாதியில் நிறுத்திவிட்டு வலது கையை நீட்டுகிறார். அதற்குள் சில சமயம் மணி நின்றுவிடும்.