சவுண்ட் ஐ.சி. போகவே இல்லை: காலர் மைக்கோடு சர்வீஸ் கடைக்குக் கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு

லேப்டாப்பில் வெளி மைக் எடுக்கவில்லை என்று யாராவது சர்வீஸ் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 3,800 ரூபாயும் ஆறு நாள் வகுப்பும் போயின.

நான் திருச்சியில் இருக்கிறேன். துபாய், மஸ்கட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்கு மாலையில் ஜூமில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ல, ள, ழ மூன்றும் பிள்ளைகளின் காதில் தனித்தனியாக விழ வேண்டும். லேப்டாப்பில் இருக்கிற மைக்கில் ஃபேன் சத்தமும் சேர்ந்து போகிறது என்று பெற்றோர் சொன்னதால் ஒரு காலர் மைக் வாங்கினேன்.

லேப்டாப்பின் ஜாக்கில், அதாவது ஹெட்போன் செருகும் ஓட்டையில், செருகினேன். குரல் போனது, ஆனால் பழையபடியே கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. சவுண்ட் செட்டிங்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு மைக்கின் பஞ்சை நகத்தால் தட்டினேன். அளவு காட்டும் கோடு அசையவில்லை. திரைக்கு மேலே கேமராவின் பக்கத்தில் தட்டினால் துள்ளியது. புது மைக்கை லேப்டாப் கண்டுகொள்ளவே இல்லை, தன் சொந்த மைக்கில்தான் கேட்டுக்கொண்டிருந்தது. இது அன்றைக்கே எனக்குப் புரிந்திருந்தும், மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கடைக்காரர் என் மைக்கையே செருகி, இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேடம், சவுண்ட் ஐ.சி. போயிடுச்சு. போர்டைக் கழட்டித்தான் மாத்தணும். மூவாயிரத்து எண்ணூறு ஆகும்." லேப்டாப்பின் ஒலியைக் கவனிக்கும் சில்லைத்தான் அப்படிச் சொன்னார். வேறு ஒரு மைக்கோ ஹெட்செட்டோ போட்டுப் பார்க்கவில்லை. வாட்ஸப்பில் தொகையை மட்டும் எழுதி அனுப்பினார். வகுப்பு நிற்கிறதே என்ற பதற்றத்தில் சரி என்றுவிட்டேன்.

ஆறாம் நாள் லேப்டாப் வந்தது. பக்கவாட்டில் யுஎஸ்பியில் பெருவிரல் அளவு ஒரு சின்னக் கருவி, அதில் இளஞ்சிவப்பாக ஒரு ஓட்டை, பச்சையாக ஒரு ஓட்டை. "ஐ.சி. மாத்தியாச்சு. ஆனா மைக்கை இதுலயே போடுங்க, போர்டுக்கு லோடு குறையும்" என்றார். போட்டதும் குரல் கணீரென்று போனது. பணத்தை ஜிபேயில் அனுப்பிவிட்டு வந்தேன். பில் கேட்டதற்கு, அப்புறம் தருகிறேன் என்றார், தரவில்லை.

கல்யாண வீடியோ எடுக்கும் என் அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். அந்தக் கருவியைப் பார்த்ததும், "சித்தி, இது யுஎஸ்பி சவுண்ட் கார்டு. இருநூறு ரூபாய்க்குள்ள கிடைக்கும்" என்றான். தன் போனோடு போடும் இயர்போனை எடுத்து, 'செத்துப்போன' ஜாக்கில் செருகினான். அதன் மைக்கைத் தட்டினான். கோடு துள்ளியது. பாட்டும் இரண்டு காதிலும் கேட்டது.

பிறகு இரண்டின் பின்னையும், அதாவது ஜாக்கில் நுழையும் உலோக முனையையும், என் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். இயர்போன் பின்னில் மூன்று கறுப்பு வளையம். என் மைக்கின் பின்னில் இரண்டே இரண்டு. இதுதான் மொத்தக் கோளாறும்.

இப்போது வரும் லேப்டாப்களில் பெரும்பாலும் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே ஜாக்தான். அதற்கு நான்கு பாகம் உள்ள பின் வேண்டும்: இடது காது, வலது காது, எர்த், கடைசியில் மைக். கேமராவுக்கென்று செய்த காலர் மைக்கில் மூன்றே பாகம். குரல் நுனி வழியாக வருகிறது. அதை இந்த ஜாக்கில் போட்டால், ஒலி வெளியே போக வேண்டிய இடது காதின் இடத்தில் குரல் போய் முட்டுகிறது. லேப்டாப் மைக்கைத் தேடும் இடத்தில் எர்த் உட்கார்ந்துகொள்கிறது. யாரோ வெறும் ஹெட்போன் செருகியிருக்கிறார்கள் என்று அது நினைத்துக்கொள்கிறது. சவுண்ட் கார்டில் மைக்குக்குத் தனி ஓட்டை இருப்பதால் அங்கே எடுத்தது. மூன்றை நான்காக்கும் அடாப்டர் 150 ரூபாய்க்கு வாங்கினேன். இன்று அதில்தான் வகுப்பு நடக்கிறது. வாங்கும்போது, லேப்டாப்பில் நுழையும் முனையில் மூன்று வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். நேர்மாறான அடாப்டரும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

பின் சரியாக இருந்தும் எடுக்கவில்லையா? விண்டோஸ் செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் மைக்ரோஃபோன் போய், ஆப்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். ஜூமுக்குள்ளும் எந்த மைக் என்று தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில லேப்டாப்களில் செருகியதும் 'எதைச் செருகினீர்கள்' என்று ஒரு பெட்டி வரும். அதை அவசரத்தில் மூடிவிடாதீர்கள்.

ஐ.சி. மாற்றவே இல்லை என்பது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கடையில் கொடுப்பதற்கு முன்பே, ஆயுத பூஜைக்கு லேப்டாப்புக்குச் சந்தனம் வைத்திருந்தேன். மூடியில் கறை படியும் என்று அடிப்பக்கம் வைத்தேன். அது ஓரத்துத் திருகு ஒன்றின் குழியில் இறங்கிக் காய்ந்து கிடந்தது. திருப்பிப் பார்த்தோம். சந்தனம் ஒரு பொடிகூட உதிரவில்லை. அந்தத் திருகில் திருப்புளி பட்டிருக்கவே முடியாது, அதைக் கழற்றாமல் அடி மூடி வராது.

கடைக்குப் போய்க் காட்டினேன். முதலில், "அப்போ போயிருந்துச்சு மேடம்" என்றார். மாற்றிய பழைய ஐ.சி.யைக் கொடுங்கள் என்றேன். குப்பையில் போட்டுவிட்டாராம். அன்று எனக்கு வந்த ஆத்திரம் பணத்துக்காக மட்டும் இல்லை. ஆறு நாள் எனக்காகக் காத்திருந்த பிள்ளைகளிடம் நான் சொன்ன காரணமே பொய்யாகிவிட்டது.

தயவுசெய்து இதைச் செய்யுங்கள். கடையில் உங்கள் கண்முன்னே ஒரு போன் இயர்போனை ஜாக்கில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். என்ன மாற்றப்போகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மாற்றிய பாகத்தைக் கேளுங்கள். பில் தராதது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். நான் அன்றே வற்புறுத்தியிருக்க வேண்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். ஜிபே ரசீது, தொகை எழுதிய வாட்ஸப் செய்தி, திருகின் புகைப்படம் மூன்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றாலும் இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. நேற்றுக் கடையிலிருந்து போன் வந்தது: பாதிப் பணம் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்று. முழுப் பணமும், அதோடு பில்லும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.