ஆவாரை விதை என்று பாக்கெட்டில் வந்தது வேறு

முகநூலில் விதை வாங்குகிறவர்கள் கொஞ்சம் கவனம். நான் ஏமாந்த கதை இது.

எங்கள் வீடு இலங்கை மலைநாட்டில், பண்டாரவளைப் பக்கம். ஆனி முதல் புரட்டாசி வரை மண் காய்ந்து வெடித்துக் கிடக்கும். தண்ணீர் கேட்காத உள்ளூர்ப் பூச்செடி வேண்டும், கருவண்டும் தேனீயும் வர வேண்டும் என்று தேடியபோது ஒரு பக்கத்தில் ஆவாரை விதை விளம்பரம் கண்ணில் பட்டது. ஆவாரம்பூவில் தேன் கிடையாது. பெரிய வண்டு வந்து உடம்பை அதிரவைத்து உலுக்கினால்தான் மகரந்தப்பொடி கொட்டும். அதைப் பார்க்க ஆசை. அது புத்தளம், ஹம்பாந்தோட்டை மாதிரி வறண்ட பக்கத்துச் செடி, இந்தக் குளிரில் பிடிக்குமா என்று நானும் யோசிக்கவில்லை. அது என் தப்பு.

மூன்று பாக்கெட், கூரியரோடு 1,700 ரூபாய். பிரித்தால் உள்ளே மெலிந்த, கறுத்த, நுனியில் முள்ளு மாதிரி நீட்டிய விதைகள். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆவாரை அவரை இனம். விதை தட்டையாக, கல்லு மாதிரி கெட்டியாக இருக்கும். உரசியோ சுடுதண்ணீரில் ஊறவைத்தோதான் முளைக்க வைப்பார்கள். இதுவோ தூவிய சில நாட்களிலேயே முளைத்தது!

ஆவாரை இலை புளிய இலை மாதிரி சோடி சோடியாக வரும். இதில் ஒற்றை இலைதான் வந்தது. கேட்டதற்கு, “இளஞ்செடி அப்படித்தான் இருக்கும்” என்றார்கள். தை மாதம் இடுப்புயரம். இலை விரல் விரலாகப் பிளந்துவிட்டது. பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்து அம்மாயி வந்து பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது.

“ஏந்தம்பி, ரோட்டோரத்துக் காட்டுச் சூரியகாந்தியக் காசு குடுத்தா வாங்குன? நாங்க இத வெட்டித் தேயிலைக்கு உரமாப் போட்டவங்க.”

மெக்சிகோப் பக்கமிருந்து வந்து நம் மலைச்சரிவெல்லாம் பிடித்துக்கொண்ட செடி. விற்றவர்களிடம் சொன்னால், “மஞ்சள் பூதானே? தேனீயும் வரும்தானே?” என்று பதில். அப்புறம் என்னை பிளாக் செய்துவிட்டார்கள். காசு போனது போனதுதான். தேனீ வரும் என்பது உண்மைதான், அதுதான் எரிச்சல்.

விதையைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பாவிட்டால் வாங்காதீர்கள்.

எல்லாவற்றையும் வெட்டிக் குப்பைக்குழி ஓரம் போட்டேன். போன வாரத்து மழைக்கு அந்தத் தண்டுகளில் மூன்று வேர்விட்டுத் துளிர்த்திருக்கின்றன.