பத்தாம் வகுப்பு ஆங்கிலம்: சி.பி.எஸ்.இ.யா, ஐ.சி.எஸ்.இ.யா?

பெங்களூரு அல்சூரில் எங்களைப் போன்ற தமிழ்ப் பெற்றோர் பாடத்திட்டம் குறித்துத் தயங்கும்போது, முதலில் கேட்பது ஆங்கிலத்தைப் பற்றித்தான்.

தேர்வு: சி.பி.எஸ்.இ.யில் மொழியும் இலக்கியமும் சேர்ந்து 80 மதிப்பெண்ணுக்கு ஒரே தாள். ஐ.சி.எஸ்.இ.யில் இரண்டுக்கும் தனித்தனியே 80 மதிப்பெண் தாள்கள்.

செலவு: சி.பி.எஸ்.இ. பாடநூல்களை, அவற்றை வெளியிடும் மத்திய அரசு நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி.யின் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஐ.சி.எஸ்.இ.க்குப் பெரும்பாலும் பாடத்தை விளக்கும் உரைநூலும் வாங்க நேரிடும்.

வாசிப்பு: உண்மையான வேறுபாடு இங்கேதான். சி.பி.எஸ்.இ.யில் சிறுகதைகளும் கவிதைகளும் அளவாக இருப்பதால், பாடநூலை இருமுறை கவனமாகப் படித்த பிள்ளை தடுமாறுவதில்லை. ஐ.சி.எஸ்.இ.யிலோ ஷேக்ஸ்பியர் நாடகத்தை மூலநடையிலேயே படித்து, இந்த வரியை யார், யாரிடம், ஏன் சொன்னார் என்று விளக்க வேண்டியிருக்கிறது. என் மகள் தன் பிரதியின் ஓரத்தில், ‘தௌ’ (thou) என்ற பழைய சொல்லுக்கு ‘நீ’, ‘யூ’ என்றால் பல இடங்களில் ‘நீங்கள்’ என்று பென்சிலால் குறித்திருந்தாள். அந்த மரியாதை வேறுபாட்டைப் பிடிக்கத் தமிழ் கைகொடுத்தது எனக்கு வியப்பாகவே இருந்தது.

நுழைவுத் தேர்வுக்காகக் கணிதத்திலும் அறிவியலிலும் நேரத்தைச் செலவிடும் பிள்ளைக்கு சி.பி.எஸ்.இ. போதும். கதைப்புத்தகத்தைக் கீழே வைக்காத பிள்ளைக்கு, வேலை கூடினாலும் ஐ.சி.எஸ்.இ.யையே பரிந்துரைப்பேன்.